தேதி மாற்றும் பிரிவில் ஒரு பயந்தாங்கொள்ளி

பிறந்தவுடன் அவள் அழவில்லையாம். கண்ணைத் திறந்து, அறையில் யார் யார் இருக்கிறார்கள், அழுதால் யாராவது திட்டுவார்களா என்று ஒருமுறை நோட்டம் விட்டாளாம். ஆபத்தில்லை என்று உறுதியான பிறகுதான் மெல்லிய குரலில் ஆரம்பித்தாளாம். இதைச் சொன்ன நர்ஸம்மா சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்.

வளர்ந்த பிறகும் அப்படியேதான். தெருவில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நிற்பாள். நாய்க்கு வேறு வேலை இல்லாத நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினால் நாற்காலியை ஒருவர் பிடிக்க வேண்டும், அவரை இன்னொருவர் பிடிக்க வேண்டும். தன் நிழல் தன்னை முந்திக்கொண்டு போனால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். நாய் விஷயம் மட்டும் முழு உண்மை.

இப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்ததோ, ஊர் ஜனம் காசு கொடுத்துப் பயந்துவிட்டுப் போகிற இடத்தில். பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பேய் வீடு, தங்கிப் பார்க்க ஒரு விடுதி. அந்த விடுதியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. கதவில் ‘தேதி மாற்றும் பிரிவு’ என்று எழுதியிருக்கும். எழுத்துதான் அப்படி. அந்த அறையில் எந்தத் தேதியும் மாறியதே இல்லை.

காரணம் எளியது. முழு விலை கொடுத்தவர்கள் தேதியை மாற்ற வேண்டுமென்றால் அவர்களுக்கு வேறு எண். அதில் இனிமையான இசை போட்டு, எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார்கள். சலுகை விலையில் அறை போட்டவர்களின் அழைப்பெல்லாம் இவளுக்கு வரும். சலுகை அறைக்குத் தேதி மாறாது. பெயர் மாறாது. இருவர் ஒருவராகக் குறைய முடியாது. கட்டிய பணம் திரும்பாது. இந்த நான்கையும் காலையிலிருந்து மாலைவரை வெவ்வேறு ஆட்களுக்கு அதே பணிவோடு சொல்வதுதான் அவள் உத்தியோகம். கூட வேலை செய்கிறவர்கள் ‘முடியாதக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைக்கு மேல், கூரைக்கு அந்தப் பக்கம், பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டர் ஓடும். எல்லாரும் அதைப் பாம்பு என்பார்கள். பாம்பு வளையும்போதெல்லாம் அறை அதிரும். ஒரு வண்டி நிறைய மனிதர்களின் அலறல் சுவர் வழியாக இறங்கும். மேலே டிக்கெட் வாங்கிப் பயந்தார்கள். கீழே அவளுக்கு இலவசம்.

முடியாது என்பதைத் தினமும் சொல்கிறவளுக்கு, அந்தச் சொல்லோடு அழைப்பை முடிக்க மட்டும் தைரியம் வந்ததில்லை. முடியாது என்று நிறுத்தினால் எதிராளி கத்துவார். கத்தினால் இவளுக்குக் கை உதறும். அதனால் கடைசியில் குழைவாக ஒரு வாக்கியம் சேர்ப்பாள்: “வாங்க, வந்தா பாத்துக்கலாம்.” அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. அவள் அம்மா கடன்காரர்களிடம் அப்படித்தான் சொன்னாள். அலுவலகங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டவர்கள் சாந்தமாகிப் போனை வைத்துவிடுவார்கள். பிறகு அவர்கள் வந்து, மேலே வரவேற்பில் யாரும் எதையும் பார்த்துக்கொள்ளாமல் போய், அங்கே சண்டை நடக்கும். பாம்பின் இரைச்சலில் அது இவள் காதுக்கு வராது.

அன்று பேசியவர் ஒரு தையல்காரர். ஊசியில் நூல் கோக்கிற நிதானம் குரலில்.

“அம்மா, நானும் என் வீட்டுக்காரியும் ஜோடிச் சலுகையில ரூம் போட்டிருந்தோம். போட்டப்புறம் அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன். இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கா. கொஞ்சம் தேதி தள்ளிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“முடியாதுங்க ஐயா. சலுகை ரூமுக்குத் தேதி மாத்த முடியாது.”

“அப்ப அவளுக்குப் பதிலா என் மச்சானைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“பேரும் மாத்த முடியாதுங்க.”

“சரி, நான் மட்டும் வந்து அவளுக்கும் சேத்துப் பயந்துட்டுப் போறேன்.”

“ஜோடின்னு போட்டா ஜோடியாத்தான் வரணும்ங்க. ஒருத்தர் வந்தா சலுகை போயிடும்.”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. “போனை இப்படிக் குடுங்க. நீங்க கெஞ்சினா பொத்தான் கடையில பொத்தான்கூடக் குடுக்க மாட்டான்.” பிறகு குரல் நேராக அவள் காதில் இறங்கியது. “இந்தாம்மா. நான் கணக்கு டீச்சர். ரிட்டையர் ஆயிட்டேன், ஆனா கணக்கு மறக்கல. மாத்த முடியாதுன்னா மாத்த வேண்டாம். சொன்ன தேதிக்கே வர்றோம். அந்தப் பாம்பு வண்டி இதுல சேத்தியா, தனியா?”

கணக்கு டீச்சர் என்றவுடனே அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். “சேத்திதான் டீச்சர்.”

“அப்ப ஏறித்தான் ஆகணும். விட்டா வீணாப் போயிடும்.”

“டீச்சர், டாக்டர் என்ன சொன்னாரு?”

“பாத்து நடந்துக்கோங்கன்னாரு. நான் என்னைக்குப் பாக்காம நடந்தேன்?”

வேண்டாம் டீச்சர், வராதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் வாயிலிருந்து வந்தது பழகிய வாக்கியம்தான். “வாங்க டீச்சர். வந்தா பாத்துக்கலாம்.”

“கேட்டுக்கோங்க, அந்தப் பொண்ணே பாத்துக்கறேங்குது,” என்று டீச்சர் கணவரிடம் சொல்வது கேட்டது. போன் வைக்கப்பட்டது. அதே நேரம் தலைக்கு மேல் பாம்பு வளைந்தது. அத்தனை அலறலுக்கு நடுவே ஒரு வயதான குரலும் இருந்ததுபோல அவளுக்குப் பட்டது.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் டீச்சர் பாம்பில் ஏறி உட்காருகிறார். இடுப்புப் பட்டையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிறார். வண்டி உச்சிக்குப் போகிறது. இறங்கி வரும்போது எல்லாரும் கத்துகிறார்கள், டீச்சர் மட்டும் கத்தவில்லை. இந்த இடத்தில் அவள் கண்ணைத் திறந்துவிடுவாள்.

அவள் கணவர் அதே விடுதியில் பிளம்பர். எதற்கும் அசராத மனிதர். அடைப்பு எடுக்கும்போது குழாயிலிருந்து என்ன வந்தாலும் வாங்க வாங்க என்பார்.

“ஏங்க, பயத்துல மனுஷங்க செத்துப்போவாங்களா?” என்று கேட்டாள்.

“அப்படிப் போறதா இருந்தா நீ பொறந்தன்னைக்கே போயிருக்கணும். தட்டைப் பாத்துச் சாப்பிடு.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “அந்தம்மாவுக்குத் திரும்பப் போன் போட்டு வராதீங்கன்னு சொல்லிடேன்.”

போட்டாள். டீச்சர் எடுத்து, “என்னம்மா, பாத்துக்கறேன்னு சொன்னியே, மறந்துட்டியா?” என்றார். “இல்ல டீச்சர், ஞாபகமாத்தான் இருக்கேன்,” என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகும் எழுந்து நின்றுகொண்டே இருந்தாள்.

வேறு வழியில்லாமல் மேற்பார்வையாளரிடம் போனாள். பிரிவில் பேசுவதெல்லாம் பதிவாகும். பதிவானதையெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர் கேட்பார். அதனால் அவருக்கு ஒட்டுக்கேட்பார் என்று பெயர். கெட்டவர் இல்லை. அவர் பேச்செல்லாம் காற்று போன பலூன்போல இருக்கும், அவ்வளவுதான்.

“சார், ஆபரேஷன் ஆன அம்மா சார். ஒரே ஒரு தேதி.”

“ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் நெஞ்சு வலிக்கும்.”

“நிஜமாவே வலிச்சா சார்?”

“நம்ம பக்கம் தப்பு இருந்து ரூம் குடுக்க முடியலன்னா மட்டும்தான் மாத்தலாம். அப்ப அவங்க எந்தத் தேதி கேட்டாலும் குடுத்தாகணும். ஆனா நம்ம பக்கம் தப்பு வராதே.” அவர் ஹெட்போனை மறுபடி மாட்டினார். “அது இருக்கட்டும். வந்தா பாத்துக்கலாம்னு யாருகிட்டயோ சொல்றீங்க போல. இன்னும் முழுசாக் கேக்கல. கேட்டுட்டுக் கூப்புடறேன்.”

அவள் அறைக்குத் திரும்பினாள். இப்போது பயம் இரண்டாகிவிட்டது. ஒன்று வேலை, இன்னொன்று ஓர் உயிர். இரண்டு பயங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டதில் நடுவே ஓர் எண்ணம் எழுந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்தும் அவள் பயந்தாள்.

சலுகை அறைகள் எல்லாம் விடுதியின் பின்பக்கத்துக் கட்டடத்தில் இருந்தன. பழைய கட்டடம். அங்கே கடைசி அறையில், கை கழுவும் தொட்டிக்குக் கீழே, மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் போகிற குழாய் வந்து சேரும். “எந்தப் புண்ணியவான் அங்க கொண்டுபோய் வெச்சானோ. அந்த நட்டை ஒரு சுத்து சுத்தினா ஆறு குளமெல்லாம் உள்ள வந்துடும்,” என்று கணவர் பல்லாண்டுகளாகப் புலம்பிவந்தார். மனைவிமார் கணவரின் வேலைப் புலம்பலைக் காதில் வாங்குவதில்லை என்று யார் சொன்னது?

தையல்காரரும் டீச்சரும் வருவதற்கு முந்தின நாள், நடுப்பகல். பழைய விருந்தினர் கிளம்பியாயிற்று, புதியவர் வரவில்லை. கணவரின் பையிலிருந்து எடுத்த ஸ்பேனரைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அவள் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தாள். தரை விரிப்பு காலடிச் சத்தத்தை விழுங்கியது. தன் சத்தமே தனக்குக் கேட்காதபோது, பின்னால் வருகிறவர் சத்தமும் கேட்காதே என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. யாருமில்லாதது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசி அறைக் கதவைத் திறந்தவுடன் ஒரு பெரிய கரடி அவளைப் பார்த்துச் சிரித்தது. பூங்காவின் சின்னம், கட்டில் தலைமாட்டுச் சுவர் முழுக்க வரைந்திருந்தார்கள். அவள் கரடியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். குளியலறையில் மண்டியிட்டு, தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். கை நடுங்கிய நடுக்கத்தில் ஸ்பேனர் தானாகவே நட்டைத் தட்டித் தட்டித் தாளம் போட்டது. பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா, முடியவில்லை, போய்விடலாம் என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது. கடமைக்கு இன்னொரு சுற்று சுற்றினாள்.

குழாய் உறுமியது. நட்டு எகிறிப்போய் எதிர்ச் சுவரில் அடித்தது. பிறகு வந்ததே தண்ணீர். அது அவளைக் குளியலறையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய்க் கட்டில்மேல் உட்கார வைத்தது என்பார்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். கட்டில் மிதந்தது என்றும், அதில் அவள் தாழ்வாரத்தின் மறுமுனைவரை பயணம் செய்தாள் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. சந்தேகமின்றித் தெரிந்தது இதுதான்: செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் வழியில் இருந்த நாய் எழுந்து அவளுக்கு வழிவிட்டது.

பின்கட்டடம் மூடப்பட்டது. விடுதியின் பக்கம் தப்பு வந்தேவிட்டது. மறுநாள் வரவிருந்த சலுகைக்காரர்கள் எல்லாரையும் அழைத்து, எந்தத் தேதி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லும்படி உத்தரவு. ஈரத் தலையோடு அவள் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருவரும் நம்பவில்லை. ஓர் ஆள், “அடுத்தது கார்டு நம்பர் கேப்பீங்களே, அதையும் கேட்டுடுங்க,” என்றார். இன்னொரு அம்மா, “முடியாதுன்னு சொல்ற பொண்ணு நல்லா இருக்கில்ல? அதுக்கு ஒண்ணும் ஆயிடலையே?” என்று விசாரித்தார்.

தையல்காரரை முதலில் அழைத்திருக்க வேண்டும். டீச்சர் எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். டீச்சர்தான் எடுத்தார். பின்னணியில் பஸ் இரையும் சத்தம்.

“டீச்சர், ரூம்ல தண்ணி வந்துடுச்சு. நீங்க எந்தத் தேதின்னாலும்...”

“தண்ணியா? பரவாயில்லம்மா, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்.”

“முழங்கால் அளவு டீச்சர்.”

“கட்டில் இருக்கில்ல? நாங்க முந்தியே கிளம்பிட்டோம். அங்க தெரிஞ்ச வீட்ல தங்கிட்டுக் காலையில நேரா வந்துடறோம். ரூம் இல்லன்னாலும் பாம்பு இருக்கில்ல?”

போன் அவள் கையிலிருந்து நழுவியது. குழாயை உடைக்கலாம். பாம்பை எப்படி உடைப்பது?

மறுநாள் காலை அவள் அடித்தளத்துக்குப் போகவில்லை. பூங்கா வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். தோளில் அளவு நாடாவை எடுத்துப் போட மறந்ததுபோல் வெறுந்தோளைத் தடவியபடி வந்த ஒல்லியான மனிதரைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பக்கத்தில் குட்டையான அம்மா, மடிப்புக் கலையாத புடவை. ஆனால் நடை? நான்கு அடிக்கு ஒருமுறை நின்றார். நிற்பதை மறைக்க, பலகைகளைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். குப்பைத் தொட்டியில் எழுதியிருந்ததைக்கூட வரிவரியாகப் படித்தார்.

“டீச்சர், நான்தான் போன்ல...”

“நீதானா? குரலைக் கேட்டு இன்னும் சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன். வா, எங்க ஏறணும்?”

பாம்பு அவர்கள் தலைக்கு மேல் வளைந்து இறங்கியது. எல்லாரும் அலறினார்கள். டீச்சரின் கை கணவரின் சட்டைக் கையை இறுகப் பற்றியது. முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த வெளுப்பு அவளுக்குத் தெரியும். அது தினமும் கண்ணாடியில் பார்க்கிற வெளுப்பு.

“வேண்டாம் டீச்சர்,” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “நீங்க ஏறக்கூடாது. நான் விட மாட்டேன். என்னால பாத்துக்க முடியாது. பாத்துக்கலாம்னு நான் சும்மா சொன்னேன். எல்லார்கிட்டயும் சும்மாதான் சொல்லுவேன். முடியாது டீச்சர். முடியாதுன்னா முடியாது.”

சொல்லிவிட்டு, ஸ்கேலால் அடி விழப்போகிறது என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது டீச்சர் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தார். மூச்சு இரைத்தது. தையல்காரர் கைக்குட்டையால் விசிறினார்.

“இதை ஒருத்தராவது சொல்லுவாங்களான்னுதான் பாத்துட்டே இருந்தேன்,” என்றார் டீச்சர். “டாக்டர் பாத்து நடந்துக்கோங்கன்னாரு. இவர்கிட்ட கேட்டா உன் இஷ்டம்மாங்கறாரு. நீ வந்தா பாத்துக்கலாங்கற. எல்லாரும் இப்படியே சொன்னா நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? கணக்கு டீச்சரு பயந்துட்டான்னு இவரு கடைத் தெருவுல சொல்ல மாட்டாரா?”

“நான் ஏன்மா சொல்றேன்?” என்றார் தையல்காரர்.

“நீங்க சொல்லலன்னாலும் உங்க கத்திரிக்கோல் சொல்லும்.” டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டார். “ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட இவ்வளவு பயப்படல. பஸ்ல வழியெல்லாம் கைகால் சில்லுன்னு இருந்துச்சு.”

அவள் போய்த் தண்ணீர் வாங்கிவந்தாள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து, பாம்பு போவதையும் வருவதையும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை அது இறங்கும்போதும் மூவர் தலையும் ஒன்றாகக் குனிந்தது. தேதி மாற்றம் வாங்கிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். எந்தத் தேதி என்று சொல்லவில்லை. உடம்பு தேறியதும் போன் செய்வதாக டீச்சர் சொன்னார்.

மதியம் ஒட்டுக்கேட்பார் கூப்பிட்டார். அவருக்கு எதிரே அவள் கணவர் நின்றிருந்தார். மேஜைமேல் ஸ்பேனர்.

“கடைசி ரூம்ல கெடந்துச்சு. நட்டு தானாக் கழண்டதா, யாராவது கழட்டினாங்களான்னு மேல கேக்கறாங்க,” என்றார் மேற்பார்வையாளர்.

பொய் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அவளிடம் அது எங்கே இருக்கிறது? “நான்தான் சார் கழட்டினேன்,” என்றாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “நீங்களா? பல்பு மாத்த ரெண்டு ஆள் பிடிக்கணும். உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா? போங்கம்மா. பழைய குழாய், தானா விட்டுடுச்சுன்னு சொல்லிக்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. இனிமே யாருகிட்டயும் வந்தா பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க.”

வெளியே வந்ததும் கணவர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். “எத்தன சுத்து?” என்று கேட்டார்.

“ரெண்டு.”

“ஒண்ணு போதும்னு சொல்லியிருந்தேனே.”

அவள் இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறாள். மேற்பார்வையாளர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், என்றைக்காவது சிரிப்பு நடுவில் நின்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். முடியாது என்பதை இப்போது முடியாது என்றே நிறுத்துகிறாள். கத்துகிறார்கள். கை உதறுகிறது. உதறட்டும் என்று இன்னொரு கையால் பிடித்துக்கொள்கிறாள்.

தையல்காரரின் எண்ணிலிருந்து அவ்வப்போது அழைப்பு வரும். திரையில் அந்த எண்ணைப் பார்த்தவுடன் அவள் எழுந்து நின்றுவிடுவாள். எடுப்பதற்கு முன் ஒரு கணம், மூச்சுவிடாமல். அந்தப் பக்கம் ஊசியில் நூல் கோக்கிற நிதானக் குரல் வந்துவிடக் கூடாது. வந்தால் டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

“ஹலோ,” என்பாள்.

மேலே பாம்பு இறங்கும். அலறல் அடங்கும்வரை ஒன்றும் கேட்காது.

“என்னம்மா, இருக்கியா? நான்தான். அந்தத் தேதி இன்னும் முடிவு பண்ணல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“சரிங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் உட்காருவாள்.